மாடி ஏறிப்போன ஊசி

எனக்குப் பொறாமை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தரமணி அலுவலகத்தில், வறுத்த நெத்திலியைத் தின்றுகொண்டிருந்தபோது. நெத்திலி கொண்டுவந்தவள் மேல்தான் பொறாமை. சாந்தோம் குப்பத்துப் பெண், அம்மா மீன் விற்கிறவர். எங்கள் குழுவில் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. மீன் அருமையாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகும் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு நாங்கள் செயலி எழுதுகிறோம். ஒருவரைப் பற்றிய விவரம் டப்பாவுக்குள் டப்பாவாக இருக்கும். ஆள், அவருக்குள் முகவரி, முகவரிக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் மாடி. நடுவில் ஒரு டப்பா இல்லாவிட்டால் நிரல் அப்படியே படுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் திறப்பதற்கு முன் 'இருக்கிறதா?' என்று கேட்டுத்தான் திறக்க வேண்டும். எட்டு வருடமாக அந்தக் கேள்விகளை எழுதியவள் நான். ஒரு மாடி எண்ணை எடுக்கப் பத்து வரி எழுதுவேன். நான் கை வைத்த இடம் படுக்காது என்று பெயர் எடுத்திருந்தேன். அலுவலகத்தில் எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

அன்று அவள் ஒரு சின்ன லைப்ரரி, அதாவது ஒரு பொது நிரல், எழுதிக் காட்டினாள். குழுவில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். போகவேண்டிய வழியை ஒரே வரியில் சொன்னால் போதும், அது உள்ளே போய் மதிப்பை எடுத்து வரும். வழியில் எது காணாமல் போனாலும் படுக்காமல், நாம் முன்பே சொல்லிவைத்த மாற்று மதிப்பைக் கொடுக்கும். என் பத்து வரி ஒரு வரியாகிவிட்டது. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு அவர் உட்கார்ந்தபடிகூடத் தட்டியதில்லை.

"அக்கா, நீங்க ஒரு தபா பாத்துட்டு ஓகே சொன்னாத்தான் எனக்கு நிம்மதி," என்றாள். யார் எழுதினாலும் இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் எங்களிடம் எதுவும் வெளியே போகும்.

படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கவே படித்தேன். நாற்பதாவது வரியில் கிடைத்தது. மதிப்பு பூஜ்யமாக இருந்தால், அதையும் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டுவிட்டது அவள் நிரல். எங்கள் கணக்கில் தரைத்தளம் பூஜ்யம். இப்போது கட்டுகிற அடுக்ககங்களில் கீழே கார்கள்தான் குடியிருக்கின்றன. அதனால் மாடி குறிப்பிடாதவர்களை முதல் மாடிக்காரர்கள் என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆக, தரைத்தளத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு மாடி ஏறிவிடுவார்கள்.

சொல்லியிருக்கலாம். சொல்லாமல் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். என்ன ஆகிவிடப்போகிறது? கதவு மாறித் தட்டுவார்கள், நாலு புகார் வரும், அந்தக் கைதட்டல் கொஞ்சம் அடங்கும். எனக்கு அது போதும். பஸ்ஸில் வீடு திரும்பும்போது வயிற்றெரிச்சல் தணிந்திருந்ததை மறைக்கமாட்டேன்.

அடுத்த வாரம் மாமியாருக்குச் சர்க்கரைப் பரிசோதனை. எங்கள் செயலியிலேயே பதிவு செய்தேன். மயிலாப்பூரில் பழைய வீடொன்றின் தரைத்தளத்தில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அது என் புத்திக்கு உறைக்கவே இல்லை.

ரத்தம் எடுக்க ஏழு மணிக்கு வரவேண்டியவர் எட்டரை ஆகியும் வரவில்லை. வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த மாமியார் காபி டபராவைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் எழுந்தவர், தலை சுற்றிச் சுவரோரமாகச் சரிந்தார். கை ஜில்லிட்டிருந்தது. தாங்கி உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆள் வந்து நின்றார்.

"ஏழு மணிக்கே வந்தேம்மா. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு போட்டுகீது. மேல போனா பூட்டிகீது. போனும் எடுக்கல. வேற ரெண்டு வீட்டை முடிச்சிட்டு, எதுக்கும் கீழ கேட்டுப் பாப்போம்னு வந்தேன்."

என் போன் சமையலறையில் சத்தமில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கையைக் காட்டித் தடுத்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதம்மா. பாவம், யாரோ தப்பா எழுதிக் குடுத்திருக்காங்க."

அன்றே கோபாலபுரத்திலிருந்தும் அடையாறிலிருந்தும் அதே புகார்கள் வந்துவிட்டன. மதியம் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார் மேனேஜர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எட்டு வருடமாக இருக்கிற நான் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவளைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுது சார்."

"படிச்சுப் பார்த்தது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள்தான் பேசினாள்.

"அக்காவோட பழைய கோட்ல இது கரெக்டா கீது சார். பூஜ்யத்துக்குன்னு தனியா ஒரு வரி போட்டிருக்காங்க. நான்தான் வேஸ்ட் வரின்னு நெனச்சுத் தூக்கிட்டேன். அக்கா நம்மள நம்பி ஓகே குடுத்தாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

காலையில் மாமியார் சொன்ன அதே சொற்கள். பார்த்தேன், தெரிந்தேதான் விட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா சார், கவனிக்கல," என்றேன்.

அரைமணி நேரத்தில் அவள் சரிசெய்துவிட்டாள். என் பழைய வரியை அப்படியே எடுத்துப் போட்டாள். லைப்ரரியின் தலைப்பில் ஒரு குறிப்பும் சேர்த்தாள்: 'பூஜ்யமும் ஒரு மதிப்புதான். கற்றுக்கொடுத்தவர் அக்கா.' பக்கத்தில் என் முழுப்பெயர். இப்போது மற்ற குழுக்களும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. புதிதாகச் சேருகிறவர்கள் வந்து, "மேடம், நீங்கதானா அது?" என்று கேட்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். முன்பு அவள் எழுதிய ஒரு வரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது 'தப்பு என்னுது சார்' என்று மூன்று சொல்லில் முடித்தாளே, அதற்காக.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நெத்திலி டப்பாவைத் திறந்ததும் முதலில் என்னிடம்தான் நீட்டுகிறாள். எடுத்துக்கொள்கிறேன்.