இறங்கிவிட்ட விமானம்

விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லாரும் 'ஸ்பேர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். போகிற ஊரில் விமானம் இறங்க முடியாமல் போனால், வேறு எந்த ஊரில் இறக்குவது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி விடாது. தங்கை கல்யாணத்துக்கு இரண்டாவதாக ஒரு மண்டபத்தையும் பேசி வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கும் ஒரு ஸ்பேர் வச்சிருக்கியா?" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அன்று சாயங்காலம் பேய்மழை. இறங்க வேண்டிய விமானம் மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. மாற்றி இறக்க இரண்டு ஊர்கள்தான். கடலோர ஊர் பக்கத்தில் இருந்தது. மலையடிவார ஊர் தூரம். அங்கே போனால் எரிபொருள் மட்டுமட்டாகத்தான் மிஞ்சும். கடலோரத்தில் வானம் தெளிவு என்றது திரை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று அந்த ஊர் விமான நிலையத்துக்குப் போன் போட்டாள்.

நிதானமான ஒரு ஆண்குரல் எடுத்தது.

"எங்க விமானம் ஒண்ணு அங்க வரணும் சார். இடம் இருக்கா?"

"அதான் இறங்கியாச்சேம்மா."

"எது சார்?"

அவர் விமானத்தின் எண்ணைச் சொன்னார். அவள் அதை இன்னும் சொல்லவேயில்லை.

"கண்ணு முன்னாடிதான் நிக்குது. உள்ள விளக்கெல்லாம் எரியுது. கதவு மட்டும் தொறக்கல. யாரும் இறங்கலம்மா."

சட்டென்று போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். திரையில் அதே விமானம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோவில் விமானி அவசரப்படுத்தினார்.

"சீக்கிரம் சொல்லுங்க மேடம், எங்க போகட்டும்?"

"மலையடிவாரம் போங்க கேப்டன்."

மேலாளர் எழுந்தே விட்டார். "பக்கத்துல இருக்கறத விட்டுட்டு அவ்ளோ தூரமா?"

"நான் பதில் சொல்லிக்கிறேன் சார்," என்றாள். என்ன பதில் என்று அவளுக்கே தெரியாது.

விமானம் பத்திரமாக இறங்கிய சேதி வந்ததும் மேசையில் தலை கவிழ்த்து அழுதுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கடலோர நிலையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"நல்லவேளை, இங்க அனுப்பல மேடம். கடல்லேர்ந்து திடீர்னு மூடுபனி ஏறிடுச்சு. ஓடுதளமே தெரியல. சொல்லலாம்னு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், உங்க லைன் பிஸி."

"உங்க ஆளுகிட்டதாம்மா பேசிட்டிருந்தேன்."

"எங்க ஆளா? காலையிலேர்ந்து இங்க நான் ஒருத்திதான். இந்த போன் அடிக்கவேயில்லையே."

பனியை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேலாளர் துருவியபோது, அனுபவம் என்று மழுப்பினாள். தங்கையிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். வாயாடியான அவளும் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள்.

இப்போதும் அவளுக்கு அதே நாற்காலி, அதே வேலை. கடலோர ஊருக்கும் விமானங்களை அனுப்பத்தான் செய்கிறாள். அங்கிருந்து ஆண்குரல் கேட்டால் மட்டும், ஒன்றும் பேசாமல் போனைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டிவிடுகிறாள்.