அளவெடுக்கும் செல்வாம்பாள்

"கைய இன்னும் கொஞ்சம் தூக்கு கண்ணு" என்கிறார் செல்வாம்பாள். ஜாக்கெட் தைக்க வந்த பெண்ணின் புஜத்தில் நாடாவைச் சுற்றப் போனவர், அங்கே கன்றிப்போயிருப்பதைப் பார்த்ததும் பிடியைத் தளர்த்துகிறார். அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், "இது எப்படி ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்கிறார். பதில் வராவிட்டால் வற்புறுத்துவதில்லை. "ஜாக்கெட்டு வாங்க வரும்போது சொல்லு. இல்லன்னா சும்மாவே வா."

உப்பளம் என்னும் பகுதியில் ஒற்றை அறை வீடு. வாசலோரம் தையல் மிஷின். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவதால் பாதிப் பேச்சு நமக்குப் புரியாது. தெருப்பெண்கள் சிலரைச் சேர்த்து வைத்திருக்கிறார். எந்த வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டாலும் இவர்கள் கூட்டமாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள்.

அதே தெருவில் இருந்த துர்கா வீட்டுக்கும் அப்படித்தான் போனார்கள். கர்ப்பமாக இருந்த துர்காவுக்கு எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. கணவனோ தனக்குச் சோதனையே வேண்டாம் என்று சொல்லி, அவளை அடித்து வெளியே தள்ளினான். மாமியார் வாசலில் நின்று கத்தினார்: "இவ தொட்ட சாமான் ஒண்ணும் வேணாம். எங்களுக்கும் ஒட்டிக்கும்!"

செல்வாம்பாளுக்கும் எச்.ஐ.வி. உண்டு. இறந்துபோன கணவரிடமிருந்து வந்தது. அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் உடம்பு தேறியது. தெரிந்தால் யாரும் துணி கொடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில் தெருவில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தார்.

அன்று துர்காவின் மாமியாரிடமே சொல்லிவிட்டார். "எனக்கும் அதேதாம்மா. ரொம்ப வருசமா இருக்கு. நீ போட்டுனு இருக்கிற ஜாக்கெட்டு நான் தச்சதுதான். உனக்கு ஒட்டிக்கிச்சா?"

செல்வாம்பாள் துர்காவைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

அதற்கப்புறம் மிஷின் சும்மா கிடந்தது. கொடுத்த துணியைக்கூடச் சிலர் திரும்ப வாங்கிப் போனார்கள். "வீட்டக் காலி பண்ணிடலாமான்னு இருந்துச்சும்மா" என்கிறார் என்னிடம். அப்போதுதான் எதிர்வீட்டு ரோசா, மாதா திருவிழாவுக்கென்று தனக்கும் மகள்களுக்கும் துணியோடு வந்து உட்கார்ந்தார். "கழுத்த எறக்கி வெச்சிடாத செல்வா, சாமியார் மொறைப்பாரு!" தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். "சாவற வரைக்கும் அவள மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோக்கிறார் செல்வாம்பாள்.

துர்காவின் கணவன் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தபோது வாசலை மறித்து முதலில் நின்றவரும் ரோசாதான். அவன் பிறகு வரவில்லை. துர்கா தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தெருப்பெண்கள் முறை வைத்துத் துணைக்குப் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. அஞ்சலி என்று பெயர் வைத்தவரும் ரோசா.

சென்ற வாரம், அஞ்சலிக்கு ஒன்றரை வயதில் செய்த கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை. துர்கா அழுதுகொண்டே செல்வாம்பாளின் காலைத் தொடக் குனிந்தாள்.

"ஐய, எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க."

செல்வாம்பாளின் இடுப்பிலிருந்த அஞ்சலி, தான் கடித்துச் சொதசொதவென்று ஆக்கியிருந்த பிஸ்கட்டை அவர் வாயில் திணித்தாள். துர்கா தடுக்கவில்லை. செல்வாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு அதை மென்றார்.