ஹண்ட்ரட் பர்சன்ட் என்று எழுதிய ஐந்து பெட்டிகள்

எட்டாம் வகுப்புப் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, ஹண்ட்ரட் என்றால் நைன்ட்டி நைனுக்கு அடுத்தது, அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு வேறு வேலையும் உண்டு என்பது ஒரகடத்தில் கம்பெனிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே ஹண்ட்ரட் பர்சன்ட் என்றால் ஒன்று விடாமல் என்று பொருள். பெட்டியில் நாற்பத்தெட்டு பீஸ் இருந்தாலும் ஹண்ட்ரட்தான், ஆறு இருந்தாலும் ஹண்ட்ரட்தான். ஒன்றை விட்டால் இல்லை.

வெளியில் அதைச் சும்மா வீசுகிறார்கள். மண்ணூரில் எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வேண்டியவர், "ஹண்ட்ரட் பர்சன்ட் நாளைக்கு வந்துர்றேம்மா" என்று ஒரு மாதமாகச் சொல்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல வராது. எழுதும்போதுகூடப் பேனா நின்று நின்றுதான் போகும்.

வண்டிகளுக்குப் போகும் பிராக்கெட் என்ற துளை போட்ட இரும்புத் தாங்கிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வழக்கமாகப் பெட்டிக்கு ஐந்து பார்த்தால் போதும். கஸ்டமரிடம் ஒரு கெட்ட பீஸ் போய்விட்டால் மட்டும் ஸ்டோரில் உள்ள அத்தனையையும் பார்க்க வேண்டும். துளையில் கேஜ் என்ற அளவுக் கம்பியை விட்டு, சரியாக இறங்கினால் மஞ்சள் மார்க்கரில் ஒரு புள்ளி. பெட்டி முடிந்ததும் சீட்டில் 100% என்று எழுதிக் கையெழுத்து.

பார்த்த பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும். நாங்களோ வேகத்துக்காகப் பெட்டி முழுக்க முதலில் புள்ளி வைத்துவிட்டு, அப்புறம் கேஜ் விடுவோம். சீட்டும் முன்னாலேயே தயார். லைனில் எல்லோரும் அப்படித்தான்.

போன மாதம் அத்தனையையும் பார்க்க வேண்டிய அப்படி ஒரு செக் வந்தது. அந்த வாரம்தான் எங்கள் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கும் வாரம்; யாருக்கு வேலை தொடரும் என்ற லிஸ்டை வெள்ளிக்கிழமை ஒட்டுவார்கள். ஒரு பெட்டியின் நடுவில் ஆதார் நகல் கொடுக்கச் சொல்லி ஆபீஸில் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் புள்ளி. எது பார்த்தது, எது பார்க்காதது?

"நீ பாத்திருப்பக்கா. நீயே பாக்கலன்னா வேற யாரு பாக்கப் போறா?" என்றாள் பக்கத்து டேபிள்காரி.

மூடி அனுப்பிவிட்டேன்; அது என்னுடைய மற்ற நான்கு பெட்டிகளோடு கலந்துவிட்டது. டீ வந்தும் குடிக்காமல் வைத்துவிட்டேன். லைன் லீடரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"தம்பி, ஒரு பெட்டி டவுட்டா கீது."

"எந்தப் பெட்டிக்கா?"

"அதான் தெரியல. நான் அனுப்பின அஞ்சுல ஒண்ணு."

"வண்டி வெளிய ஹார்ன் அடிச்சினு கீது, இப்ப வந்து சொல்ற! புள்ளி இல்லியா?"

"கீது. பாக்கறதுக்கு முன்னாடியே வெச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மற்ற டேபிள்களைப் பார்த்தார். எல்லோரும் மார்க்கரை மூடினார்கள். எல்லோரையும் மாட்டிவிட்டோமே, வெள்ளிக்கிழமை லிஸ்டில் நம் பெயர் இருக்காதே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. ஐந்து பெட்டிகளையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். ஒரு நீல மார்க்கரைக் கையில் கொடுத்தார். "பாத்துட்டுப் புள்ளி வைக்கா."

பக்கத்து டேபிள்காரியும் தன் கேஜை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "பயந்தாங்கொள்ளி. உன்னால என் டீயும் போச்சு."

இருநூற்று நாற்பதையும் பார்த்தோம். ஒன்றுகூடக் கெட்டதில்லை.

"ஒண்ணுமே இல்லியேக்கா!" என்றார் லீடர். வண்டி முக்கால் மணி நேரம் லேட்.

"இல்லதான் தம்பி. ஆனா அப்ப எனக்குத் தெரியாதே."

பழைய சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஐந்து எழுதினேன். அந்த 100% மட்டும் எழுதும்போது பேனா நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை லிஸ்டில் என் பெயர் இருந்தது, இன்னும் மூன்று மாதத்துக்கு. அதற்குக் கீழே புது உத்தரவு ஒட்டியிருந்தார்கள்: செக் முடிந்த பிறகே புள்ளி. அதனால் எல்லோருக்கும் ஒரு நாளில் முடிக்கும் பெட்டிக் கணக்கு குறைந்தது. பக்கத்து டேபிள்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த நீல மார்க்கரைக் குடு, என்து காஞ்சிடுச்சி" என்று கையை நீட்டினாள்.