பூ வரைந்த பேனாவும் என் வலக்கையும்

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மறு ஆண்டில், காலை நடையின்போது கொட்டாரத்து வயல்வரப்பில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதென்று மருத்துவர் மகிழ்ந்தார். என்னால் அம்மகிழ்ச்சியில் பங்குகொள்ள இயலவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. இடையே இன்னொரு விரல் நுழையும் அளவுக்கு வெளி நின்றது. நெடுங்காலமாக நான் எழுதிவந்த மெல்லிய பேனா அந்த வெளியில் நிற்காமல் நழுவியது.

மேசைமேல் ஓர் உரைநூல் பாதியில் கிடந்தது. விசைப்பலகையில் தட்டினாலோ ஒருவரை எழுதச் சொல்லி வாயால் கூறினாலோ எனக்கு வாக்கியம் அமைவதில்லை. கை நகர்ந்தால்தான் சொல் வரும். ஆதலால் இனி எழுத முடியுமா என்ற ஐயம், இனி எண்ண முடியுமா என்ற அச்சமாகவே வளர்ந்தது. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் செயலாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்திலேயே கையால் எழுதி, படித்துக்காட்டி, தலைவரிடம் கையொப்பம் பெறவேண்டும். மூன்று கூட்டங்களுக்கு வேறொருவர் எழுதினார். நான்காவது கூட்டத்திலும் எழுத இயலாதெனில் விலகிக்கொள்கிறேன் என்று கடிதம் கொடுத்திருந்தேன்.

அந்நாளில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். அங்குள்ள ஒரு பெரிய கடையில் ஆண்களுக்கான பேனாக்களை ஒரு புறமும் பெண்களுக்கானவற்றை மறுபுறமும் அடுக்கியிருந்தார்களாம். அத்தானுக்கு ஒன்றும் அக்காளுக்கு ஒன்றுமாக அவர் இரு புறத்திலிருந்தும் எடுத்துவந்திருந்தார். எனக்குரியது கறுப்பு. உலோக உடல், அகன்ற பொன்வளையங்கள், திறக்கும்போது துப்பாக்கித் தோட்டாவை நினைவூட்டும் மூடி. என் மனைவிக்குரியது செவ்வரக்கு பூசியது. உடலெங்கும் பொற்கொடி ஓடியது. எங்கள் பக்கத்தில் காணாத ஏதோ ஒரு பூ கொத்துக்கொத்தாகத் தொங்கியது. இதழ்களின் விளிம்பில் சிப்பியின் துணுக்குகள் நீலமும் பச்சையுமாக மின்னின. கணித ஆசிரியையாக இருந்த அவள் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு எழுத என்ன இருக்கிறதென்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

கறுப்புப் பேனாவை நான் மூன்று நாள் முயன்றேன். அதன் எடை விரலிடுக்கில் தங்காமல் மணிக்கட்டைக் கீழே இழுத்தது. ஒரு வரி முடியுமுன் பேனா சரிந்தது. அந்தக் கம்பீரத்தைத் தாங்கும் வலு என்னிடம் இல்லை. மூன்றாம் நாள் அதை மூடிவைத்தபோது, அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி எழுந்து போய்ச் செவ்வரக்குப் பேனாவை எடுத்துவந்து என் கையில் திணித்தாள்.

“இதப் பிடிச்சுப் பாருங்கோ. பூ ஒண்ணும் கடிக்காது.”

நான் பெருத்த எடையை எதிர்பார்த்துக் கையை இறுக்கினேன். வந்ததோ காய்ந்த முருங்கைக் குச்சியின் கனம்தான். கறுப்பைவிட இது பருமனானது. ஆயினும் உள்ளுடல் கடின ரப்பரால் ஆனதால் எடையே இல்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நான் மாதக்கணக்கில் வெறுத்த அந்த வெளி முழுவதையும் அது நிறைத்துக்கொண்டது. அரக்கு குளிர்ந்திருக்கவில்லை, தோலின் சூட்டை உடனே ஏற்றது. மை நிரப்பித் தாளில் வைத்தேன். பொன்முள் சற்றே விரிந்து, அழுத்தாமலே ஓர் ஈரக்கோடு ஓடியது. பாதியில் நின்றிருந்த உரைநூலின் வாக்கியம் அன்று முற்றுப்புள்ளி பெற்றது. எழுத்துகள் கோணலாக இருந்தன. எனினும் அவை என் எழுத்துகள். நான் அவ்வரியை மீண்டும் ஒருமுறை படித்தேன். மனைவி கீரையில் கவனமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் எழுதியதைவிட நான் அதைப் பார்த்ததே மிகுதி. அரக்கு மரத்தின் பாலை ஒரு பூச்சு பூசி, உலரவிட்டுத் தேய்த்து, மீண்டும் பூசி, ஈரம் காயுமுன் பொன்துகளைத் தூவி அந்தப் பூக்களை வரைகிறார்களென்று பெட்டியிலிருந்த தாள் கூறியது. ஒரு பேனாவுக்குப் பல மாதங்கள் ஆகுமாம். அத்தனை மாதங்களும் மூச்சை அடக்கிக் குனிந்திருந்தவர் ஆணா பெண்ணா என்று தாளில் இல்லை. கொடியும் பூவும் கண்டவுடன் பெண்ணுக்குரியதென்றும், கறுப்பும் கனமும் கண்டவுடன் எனக்குரியதென்றும் கடைக்காரர் பிரித்தார், மைத்துனர் ஏற்றார், நானும் மறுசொல்லின்றி ஏற்றிருந்தேன். மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் ஆளைவிட உயர்ந்த மண்புற்றின்முன் நின்று அம்மையே என்று கைகூப்பியவன்தான் நானும். அங்கே பெண்வடிவத்தைத் தேடியதாக நினைவில்லை. ஒரு பேனாவிடம் மட்டும் ஏன் தேடினேன் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

எவ்வளவு வியந்தபோதிலும், நான்காவது கூட்டத்துக்குப் புறப்படுகையில் அதைச் சட்டைப்பையில் செருகும் துணிவு வரவில்லை. துணிப்பையின் அடியில், குறிப்பேட்டுக்குள் வைத்து எடுத்துச் சென்றேன்.

எங்கள் தலைவர் காவல் ஆய்வாளராக இருந்தவர். மீசைக்கு இன்றும் மெழுகு பூசுபவர். நான் பேனாவை வெளியே எடுத்ததும் அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“டீச்சருக்க பேனாவ மாத்தி எடுத்துட்டு வந்துட்டீரா வே?”

அனைவரும் சிரித்தனர். கல்யாணப் பெண்போல் இருக்கிறது என்றார் ஒருவர்; பொட்டு வைக்கத்தான் மறந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எனக்கு முகம் சூடேறியது. மறுத்துச் சொல்லவேண்டியவை பல தோன்றின. குறிப்பேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். எங்கள் வட்டத்தில் மயிலாடியைச் சேர்ந்த சிற்பி ஒருவர் உண்டு. உளியால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல் எனப் பிரிப்பவர் அவர். தலைவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவர்பக்கம் நீட்டி, இது எந்த வகை என்று தீர்ப்புக் கேட்டார். சிற்பி அதை வாங்கி, சிரிக்காமல், பூக்கொத்துகளை நெடுநேரம் பார்த்தார்.

“கல்லுன்னா தட்டிப் பாத்துச் சொல்லிருவேன். இத எழுதிப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப எழுதும் வே. ஆணா பொண்ணான்னு பாப்பம்” என்றார் தலைவர்.

சிற்பியிடமிருந்து பேனாவை வாங்கி எழுதத் தொடங்கினேன். வருகை தந்தோர், சென்ற கூட்டத்தின் குறிப்பு, நூலகக் கூரையின் ஒழுக்கு, புதிதாக வாங்கவேண்டிய நூல்கள். முதலில் சிலர் எட்டிப் பார்த்தனர். பின்னர் பேச்சு மெல்ல அடங்கியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பேனாவையா, மாதக்கணக்கில் மடியில் கிடந்த என் கையையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் விரல்கள் வலிக்கத் தொடங்கின, நிறுத்தவில்லை. ஆணா பெண்ணா என்று தலைவர் சிற்பியிடம் மெல்லிய குரலில் மீண்டும் கேட்டது என் காதில் விழுந்தது.

“சத்தமே வரல்லியே. கல்லுக்காரன் என்னத்தச் சொல்ல?” என்றார் சிற்பி.

நிகழ்ச்சிநிரலின் கடைசி வரியில் என் விலகல் கடிதம் இருந்தது. அங்கே வந்ததும் கை நின்றது. நான் தலைவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் மீசையைத் தடவினார்; என் விரல்களைப் பார்த்தார்.

“எடுத்துக்கிடலைன்னு எழுதும்.”

‘செயலாளரின் விலகல் கடிதம் எடுத்துக்கொள்ளப்படவில்லை’ என்று எழுதினேன். அவ்வரி மற்ற வரிகளைவிடக் கோணலாக அமைந்தது. முழுவதையும் படித்துக்காட்டியபின், கையொப்பத்துக்காகக் குறிப்பேட்டையும் பேனாவையும் தலைவரிடம் தந்தேன். கையொப்பமிட்டவர் ஏட்டைத் திருப்பித் தந்தார், பேனாவைத் தரவில்லை. அருகில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் மீண்டும் ஒருமுறை கையொப்பமிட்டார். அதன் கீழே இன்னொன்று. அவருடைய தடித்த கட்டைவிரல் பொற்கொடியின் வழியே மெல்ல ஏறி, ஒரு பூவின்மேல் நின்றது. அறையில் எவரும் சிரிக்கவில்லை. நான் கையை நீட்டிக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து அவர் அதை இரு கைகளாலும் எடுத்துத் தந்தார். என் விரல்கள் தாமாகவே அதைப் பற்றிக்கொண்டன.