எண்ண வேண்டாம் என்று சொன்னேன்

ஒயிட்ஃபீல்டு பக்கம் கனரக லாரிகளுக்கு ஆக்சில் உதிரிபாகம் விற்கிற ஒரு கம்பெனியில் எனக்குப் போனில் பேசுகிற வேலை. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், நந்திதுர்க்கிலிருந்து காலை ரயிலில் போய், சாயந்திரம் ஆறு மணி ரயிலில் திரும்புவேன். மெக்கானிக்குகள் கூப்பிடுவார்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். அவர்கள் வண்டியின் பின் ஆக்சில் எந்த வகை, அதற்கு எங்களிடம் இருப்பதில் எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டும்.

ஆக்சிலின் மேல் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள். அதில் எண் தெரிந்தால் ஒரு நிமிட வேலை. தகடு துருப்பிடித்தோ உதிர்ந்தோ போயிருந்தால், மூடியில் எத்தனை போல்ட், ஷாஃப்ட் முனையில் எத்தனை வரிப்பள்ளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். கடைசியாகக் கேட்க வேண்டியது பல். உள்ளே கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுற்ற வைக்கும் பினியன் என்று ஒரு சின்னது. வெளியே அச்சு அசலாக இருக்கும் இரண்டு ஆக்சில், உள்ளே இந்தப் பல் கணக்கில் வேறுபடும். முப்பத்தேழுக்கு ஆறு என்றால் பெரியதில் முப்பத்தேழு பல், சின்னதில் ஆறு.

இந்த வேலையில் கெட்டிக்காரி என்று நான்கு வருடத்தில் பெயர் வாங்கியிருந்தேன். ஆனால் ஒரு ஆக்சிலையும் கையால் தொட்டதில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்ததுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சேர்ந்த புதிதில் நான் எங்கள் ஊர்ப் பேச்சில் "இன்னா சார்?" என்று போனில் கேட்டதற்குப் பக்கத்து மேசைப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அதன்பின் ஆபீஸுக்கென்று ஒரு குரலும் ஒரு தமிழும் வைத்துக்கொண்டேன்.

போன ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தரை மணிக்கு ஒரு மெக்கானிக் கூப்பிட்டார். பத்துச் சக்கர டிப்பர். பின்னால் இரண்டு ஆக்சில், இரண்டும் வண்டியை இழுப்பவை. கடைசி ஆக்சிலில் கிரவுனும் பினியனும் உடைந்துவிட்டன. தகடு இல்லை.

"பின்னாடி ரெண்டு ஆக்சிலயும் ஏற்கனவே ஒரு தபா மாத்தியிருக்காங்க போலகீது மேடம். கம்பெனி கணக்குக்கு ஒத்துவருமான்னு தெரியல. ஒடஞ்ச துண்டெல்லாம் சேத்துவெச்சி பல்ல எண்ணிடட்டா? அரை மணி நேரம் குடுங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் என்றால் ரயில் போய்விடும்.

"அதெல்லாம் எண்ண வேண்டாம். இந்த மாடலுக்கு முப்பத்தேழுக்கு ஆறுதான். எங்க சிஸ்டத்தில இருக்கு."

"கரெக்டா தெரியுமா மேடம்? ஓனரு இங்கயே நிக்கிறாரு."

"நான் நாலு வருஷமா இதைத்தான் பார்க்கிறேன். இன்னா சந்தேகம் உங்களுக்கு?"

அவசரத்தில் அந்த 'இன்னா' நழுவிவிட்டது. அவர் குரல் மலர்ந்தது. "மேடம் நம்ம கேஜிஎஃப்பா? நான் ஆண்டர்சன்பேட்டைல இருந்துதான் பேசறேன்."

"இல்லை. நான் பெங்களூர்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பத்து நாளுக்குள் அந்த வண்டி மறுபடி நின்றது. பின்னால் இருந்த இரண்டில் முதல் ஆக்சிலில் இருந்தது நாற்பத்தொன்றுக்கு ஆறு. நான் கடைசி ஆக்சிலுக்கு அனுப்பியது முப்பத்தேழுக்கு ஆறு. ஜோடியாக ஓட வேண்டிய இரண்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி, இரண்டுக்கும் நடுவே பலத்தைப் பங்கிட்டுத் தரும் பெட்டி கருகிப் போயிருந்தது. டயர்களும் தேய்ந்திருந்தன. புகார் வந்த அன்று மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"பல் எண்ணச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். எண்ணிட்டுத்தான் சொல்றேன்னார்."

யோசிக்கவே இல்லை. பொய் அத்தனை லேசாக வந்தது. அவர் போனதும் கம்ப்யூட்டரில் அந்த ஆர்டரைத் திறந்து, 'பல் எண்ணிக்கையை வாடிக்கையாளர் உறுதிசெய்தார்' என்று சேர்த்தேன். புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வீடு வரும்வரை நன்றாகத் தூங்கினேன். இன்றைக்கு நினைத்தால் அந்தத் தூக்கம்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த முறை எங்கள் வீடு. சாயந்திரம் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். புதிதாக சபையில் சேர்ந்த ஒரு தம்பதியும் வந்திருந்தார்கள். ஆராதனையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஜெபக் குறிப்பு சொல்லும் நேரம் வந்தபோது அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நமக்கு லாரி மெக்கானிக் வேலை. ஒரு டிப்பருக்குத் தப்பான கிரவுன் போட்டுட்டேன்னு பழி வந்துடுச்சி…"

இரண்டாவது வாக்கியத்திலேயே குரலை அடையாளம் கண்டுவிட்டேன். காபி டம்ளர் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அந்த ஓனரிடம் மூன்று டிப்பர்கள் இருந்தன, மூன்றையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார் என்றார். "எண்ணாம எவன்யா கிரவுன் வாங்குவான்?" என்று ரோட்டில் வைத்துக் கேட்டாராம். அவர் சொல்லச் சொல்ல, அவர் மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் நடத்துகிற பிரதர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டரும் அந்த லைன்லதான் வேலை பாக்கறாங்க. சிஸ்டர், நீங்களே இவருக்காக ஜெபிச்சுடுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தட்டைக் கீழே வைத்தேன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன், கண்களை மூடி ஜெபித்தேன். இந்தச் சகோதரர் மேல் வந்த பழியை நீக்கும் ஆண்டவரே, உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் என்று கேட்டேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். போகும்போது அவர், "நல்லா ஜெபிச்சீங்க சிஸ்டர், மனசு லேசாச்சி" என்றார்.

அதற்கப்புறம் ஆறு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட கணவரிடம் வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "நம்ம வீட்ல ஒக்காந்து அவரு சொன்னத்த கேட்டுக்கினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். அவர் பட்டறையில் ஒரே ஒரு பழைய லாரி நின்றது. என்னைப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு போன்ல எண்ண வேணாம்னு சொன்னது நான்தான்" என்றேன். "நீங்க எண்ணிட்டு சொன்னதா கம்ப்யூட்டர்ல எழுதினதும் நான்தான்."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு கையிலிருந்த பனியன் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தப்பு எம்மேலயும் கீது சிஸ்டர். துண்டெல்லாம் இதோ இங்கதான் கெடந்துச்சி. நீங்க சொன்னாலும் நான் எண்ணியிருக்கணும்."

மூலையில் ஒரு பழைய கிரவுன் கிடந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "எண்ணிப் பாக்கறீங்களா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. குனிந்து எண்ணினேன். பிசுக்கு விரலில் ஒட்டியது. எங்கே ஆரம்பித்தேன் என்று பாதியில் மறந்துபோனது. இரண்டாவது தடவை முதல் பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு எண்ணினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தார். கணவர் விஷயத்தைச் சொன்னதும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ அந்த ஜெபம் இன்னா சிஸ்டர்?"

சாக்பீஸை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கம்பெனி சரியான செட்டை அனுப்பியது, கருகின பெட்டியையும் மாற்றித் தந்தது. வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. போன் மேசையிலிருந்து எடுத்து, குடோனில் சரக்கு சரிபார்க்கிற வேலைக்குப் போட்டார்கள். அந்த டிப்பர் ஓனரிடமும் கணவரோடு போய் நேரில் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். "சரிம்மா, போங்க" என்றார். ஆனால் வண்டிகளை மறுபடி அந்தப் பட்டறைக்கு அனுப்பவில்லை. புது இடம் பழகிவிட்டதாம்.

மெக்கானிக் சபையில் பார்த்தால் தலையசைப்பார், பிள்ளைகளை விசாரிப்பார். அவர் மனைவி எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் மட்டும் வருவதில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டே நான் அதைக் கேட்டுக்கொள்கிறேன்.