ஞானபூரணி டீச்சரின் வெள்ளிக் கைகள்

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மனநோய்க்காக ஆறு வாரம் மருத்துவமனையில் தங்கிக் குணமாகித் திரும்புகிறாள். எங்கே போயிருந்தாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "உண்மையைத்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மானகிரி ஞானபூரணியும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

காரைக்குடியில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் அவள். தொண்ணூற்றைந்தாம் வருடம் ஒருநாள், மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துப் படிகம் வளர்ப்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினாள். மதியம் ஒரு சிறுமியின் சாப்பாட்டு டப்பா மூடி திறக்க வரவில்லை என்று வாங்கித் திறந்துகொடுத்தாள். கை கழுவியிருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒரு நினைப்பு வந்தது. கையில் ஒட்டியிருந்த துத்தம் அவள் சோற்றில் விழுந்திருந்தால்? அது விஷமாயிற்றே?

மறுநாள் அந்தச் சிறுமி பள்ளியில் நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நினைப்பு மட்டும் போகவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவியவள் எழுபது தடவைக்கு வந்தாள். இரண்டு நாளைக்கு ஒரு சோப்பு. விரல் மடிப்புகள் வெடித்து ரத்தம் கசிந்தது. படுக்கப் போகுமுன் கணவன் செல்வின் அவள் கைகளைப் பார்த்து மூன்று முறை "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். எட்டு வயது மகள் பெனிட்டா, அம்மா குழாயைத் தொடாமல் கழுவுவதற்காக ஓடிவந்து திறந்துவிடப் பழகியிருந்தாள். அந்த மகளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

எவ்வளவு துத்தம் உள்ளே போனால் கெடுதல் என்று அவளுக்குத் தெரியும். கரும்பலகையில் அவளே எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிகிற கணக்கு தன் மனசுக்கு மட்டும் புரியவில்லையே என்றுதான் அவளுக்கு அவமானம். பிள்ளைகள் அவளுக்கு "தண்ணி டீச்சர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழும்போதெல்லாம் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொள்வாள்.

செல்வின் அரசு அலுவலகத்தில் எழுத்தர். முதலில் ஜெபக் கூட்டங்களுக்கு அழைத்துப்போனான். மூன்று கூட்டங்களில் மூன்று பேய்களை விரட்டினார்கள். நான்காவது நாளும் சோப்பு கரைந்தது. கடைசியில், கைப்புண்ணுக்கு மருந்து கொடுத்த அரசு மருத்துவர்தான், "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறீங்க?" என்று கேட்டு, மதுரை மனநல மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூற்றேழு மே மாதம் மதுரையில் உள்நோயாளியாகச் சேர்ந்தாள். மாத்திரை உண்டு. அதைவிடக் கடினமானது பயிற்சி. மூன்றாம் நாள், அங்கிருந்த பெண் மருத்துவர் கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தொட்டார். அவளையும் தொடச் சொன்னார். பிறகு இருவரும் அதே கையால் பிஸ்கட் தின்றார்கள். ஒரு மணி நேரம் கழுவக்கூடாது.

"பயமா இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும். அதைப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. எவ்வளவு நேரம் இருக்குதுன்னு பாப்போம்."

அழுதாள். மருத்துவரைத் திட்டினாள். ஆனால் பயம் ஏறி, நின்று, தானாக இறங்குவதைப் பார்த்தாள். தினமும் பார்த்தாள். "சுத்தம்" என்று இனிமேல் சொல்லவே கூடாது என்று செல்வினுக்கு உத்தரவு போட்டார்கள். ஐந்தாவது வாரம், மயில்துத்தம் இருந்த சீசாவைக் கையில் வாங்கி, வைத்து, அதே கையால், பார்க்க வந்திருந்த பெனிட்டாவுக்கு இட்லி ஊட்டினாள். இதைச் செய்தது மருத்துவம். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, செல்வின் அவளைக் காரைக்குடி பஸ்ஸில் ஏற்றவில்லை. கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினான்.

"எங்கங்க போறோம்?"

"மாதா கோயிலுக்கு. நேர்ச்சைக்காக ஆறு வாரம் அங்க தங்கியிருந்தன்னு தெருவுல சொல்லிவச்சிருக்கேன். ஆஸ்பத்திரின்னு சொன்னா பள்ளிக்கூடத்துல ஒன்னைய வச்சிருப்பாகளா? நாளைக்குப் பெனிட்டாவுக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப, ஆத்தா மெண்டலுன்னு சொல்லமாட்டாக?"

அவள் மறுக்கவில்லை. அவன் சொல்லியிருக்காவிட்டால் அவளே சொல்லியிருப்பாள்.

எந்த உறுப்பில் நோய் தீர்ந்ததோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிக் கட்டுவது அங்கே வழக்கம். கண், கால், இருதயம் எல்லாம் கடையில் தொங்கும். செல்வின் ஒரு ஜோடி கை வாங்கினான். அவளே பீடத்துக்குப் பக்கத்தில் கட்டினாள். வாசலில் இருந்த போட்டோக்காரர் படம் எடுத்தார். தெருவில் வீட்டுக்கு வீடு கோயில் எண்ணெய் கொடுத்தார்கள். முன்னறையில் சட்டம் போட்ட படம் ஏறியது. மாத்திரை அட்டைகள் பழைய பிஸ்கட் டின்னுக்குள், துணிகளுக்கு அடியில் போயின.

மூன்றாம் வீட்டில் துர்காதேவி இருந்தாள். கணவன் அழகுராஜா சிமெண்டுக் கடை வைத்திருந்தான். ஆகஸ்டில் ஒரு மதியம், துர்காதேவி வந்து அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேப்பேன், சிரிக்கக்கூடாது."

"கேளுங்க துர்கா."

"வீட்டைப் பூட்டுறேன். கண்ணு பாக்குது, கை இழுத்துப் பாக்குது, மனசு மட்டும் பூட்டலைங்குது. பஸ்ஸுல பாதி வழி போயி எறங்கித் திரும்பி வாரேன். இன்னைக்கு நாப்பது தரம் இழுத்ததுல நாதாங்கியே கழண்டு கையோட வந்திருச்சு. இவுக தலையில அடிச்சுக்கிறாக." குரலைத் தாழ்த்தினாள். "மாதா கோயில்ல இருந்துதான் ஒங்களுக்குச் சரியாச்சாம்ல. நெசமா?"

ஞானபூரணிக்குக் கேட்டதுமே தெரிந்தது. அதே நோய். தனக்குக் கை, இவளுக்குப் பூட்டு. பிஸ்கட் டின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து வைத்தால் போதும். ஆனால் துர்காதேவியின் இரண்டு பிள்ளைகளும் அவள் பள்ளியில்தான் படிக்கிறார்கள். "தண்ணி டீச்சர்" நாளைக்கே "மெண்டல் டீச்சர்" ஆகிவிடும்.

"நெசந்தான். நம்பிக்கையோட போங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அழகுராஜா மட்டும் வந்தான்.

"அங்கயே விட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர். மாதா உத்தரவு கெடைக்கிற வரைக்கும் தங்கணும்னு, அங்க இப்பிடிப்பட்டவுகளை வச்சுப் பாக்குற கொட்டகைக்காரரு சொல்லிட்டாரு. ராத்திரி எந்திரிச்சுப்போயி கடைப் பூட்டையெல்லாம் இழுக்குதாம். அதான் கால்ல சின்னதா ஒரு சங்கிலி போட்டிருக்காக. எல்லாம் நீங்க காட்டுன வழி. நல்லா இருப்பீக."

அவன் போனதும் ஞானபூரணி குழாயடிக்குப் போனாள். பதினோரு தடவை கழுவினாள். பன்னிரண்டாவதற்குச் சோப்பை எடுத்தபோது வாசலில் பெனிட்டா நிற்பதைப் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட ஓடிவராமல், அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானபூரணி சோப்பை வைத்துவிட்டு, ஈரக் கையோடு போய் செல்வினிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை அங்க போறோம். அழகுராஜாவையும் கூட்டிக்கிட்டு."

கொட்டகை, கோயில் மதிலுக்கு வெளியே இருந்தது. வெளியே இருப்பதால் தங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று கோயிலில் சொன்னார்கள். மதிலுக்கு உள்ளே காணிக்கை, வெளியே சங்கிலி. என்ன அழகான ஏற்பாடு! ஓலைக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர், கம்பத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள்.

துர்காதேவி தன் கணுக்காலில் தொங்கிய பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தப்பிப்பதற்காக அல்ல.

"வந்துட்டீகளா டீச்சர்? இது நல்லாப் பூட்டியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நான் எத்தனை தரம் பாத்தாலும் தெரியமாட்டேங்குது."

கணுக்கால் தோல் உரிந்து, புண்ணில் ஈ மொய்த்தது.

குனிந்து பார்த்த ஞானபூரணி நிமிர்ந்து அழகுராஜாவிடம் திரும்பினாள். கொட்டகைக்காரன் கேட்க, சுற்றி நின்றவர்கள் கேட்க, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்: "நான் இங்க தங்கவே இல்ல. மதுரையில மனநோய் ஆஸ்பத்திரியில ஆறு வாரம் இருந்தேன். இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன். ஒங்க வீட்டம்மாவுக்கும் அதே நோய்தான்."

அழகுராஜாவுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப அந்த வெள்ளிக் கை?"

"வெக்கத்துக்குக் கட்டுனது."

அவன் அடிக்கப்போகிறான் என்று நினைத்து செல்வின் குறுக்கே வந்தான். அழகுராஜா அடிக்கவில்லை. "படிச்சவுகதான டீச்சர் நீங்க?" என்று மட்டும் கேட்டான். அடித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"உத்தரவு இல்லாமத் தொறந்தா தெய்வக் குத்தம்" என்றான் கொட்டகைக்காரன்.

"குத்தம் என் தலையில விடியட்டும். சாவியைக் குடுய்யா!" என்று கை நீட்டி வாங்கினாள் ஞானபூரணி.

துர்காதேவி அதே மருத்துவமனையில் இரண்டு மாதம் தங்கிக் குணமாகி வந்தாள். இப்போது ஒரு தடவை பூட்டிவிட்டு நடக்கிறாள். கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருக்கிறது. ஞானபூரணியின் வேலை போகவில்லை. இரண்டு பெற்றோர் பிள்ளைகளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். இதற்குப் பயந்தா ஒரு பெண்ணைச் சங்கிலிக்கு அனுப்பினோம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. துர்காதேவி ஒருமுறை கேட்டாள்: "அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன டீச்சர்?"

ஞானபூரணி முன்னறைப் படத்தைக் கழற்றிவிட்டாள். வெள்ளிக் கைகளைத் திருப்பிக் கேட்டுக் கடற்கரைக்கு இன்னொரு முறை போனாள். கட்டிய காணிக்கையைத் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அவை அங்கேயே தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து நம்பி, இன்றைக்கும் யாரோ ஒருவர் தன் மனைவியை அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு பிஸ்கட் டின் இருக்கிறதா? அதை வெளியே எடுங்கள். குணமாக்கிய மருத்துவமனையின் பெயரை, கேட்கிறவரிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது சங்கிலியில் இருந்தால், அவர் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சாவியைக் கேளுங்கள்.