விடுபட்ட நான்கு பக்கங்கள்

பியானோ வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இசைக்குறிப்புப் புத்தகத்தின் தாளைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லண்டனில் நான் அந்த ஆளாக இருந்தேன். ஹவுன்ஸ்லோவில் நூலக வேலை. லீவு கிடைக்கும் மத்தியானங்களில் நகரத் தேவாலயங்களின் ஒரு மணிக் கச்சேரிகள். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற பியானோ இதற்காவது உதவியது. ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத எனக்குப் போய் அசையாமல் உட்காரும் வேலை வாய்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அங்கே பியானோ வாசித்த ஹங்கேரியர் ஒருவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1956இல் சோவியத் இராணுவத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்த பிறகு, மாணவராக எல்லையை நடந்தே கடந்து ஆஸ்திரியா போய், அங்கிருந்து லண்டன் வந்தவர். நானும் அகதி என்று தெரிந்ததும், "நீங்களும் நடந்தா வந்தீர்கள்?" என்று கேட்டார். விமானத்தில் வந்தேன் என்றதும் அவருக்குப் பெரிய ஏமாற்றம். நாற்பது வருடம் உலகம் முழுக்க வாசித்தவர், எல்லாம் மனப்பாடமாக. பிறகு பெரிய அரங்குகள் அவரைக் கூப்பிடுவதை விட்டன. தேவாலயங்கள்தான் மிஞ்சின.

ஒரு ஜூன் மாதக் கச்சேரிக்கு முதன்முறையாகப் புத்தகம் வேண்டும் என்றார். "பார்க்கமாட்டேன். சும்மா இருக்கட்டும்." முன்வரிசையில், பெரிய அரங்கு ஒன்றுக்குக் கலைஞர்களைத் தேர்வுசெய்யும் அம்மையார் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் இலையுதிர்காலத்தில் அங்கே ஒரு முழுக் கச்சேரி. அது இல்லையென்றால் இனிமேல் எதுவும் இல்லை என்று ஹங்கேரியரே சொன்னார். தொடங்குமுன் நிமிடத்துக்கொரு தரம் எழுந்துபோய்க் கைகளைச் சுடுநீரில் நனைத்தார். அவரைப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

சொனாட்டா என்ற நீண்ட பியானோ உருப்படி ஒன்று. அதன் முதல் பகுதியில் ஒரே மாதிரியான இடம் இரண்டு தடவை வரும், ஒரே தெருச் சந்திக்கு இரண்டு முறை வருவதுபோல. முதல் தடவை இசை இடப்பக்கம் திரும்ப வேண்டும். இரண்டாம் தடவை வலப்பக்கம். அவர் முதல் தடவையே வலப்பக்கம் திரும்பிவிட்டார். விரல்கள் நான்கு பக்கம் தாண்டி ஓடுகின்றன. எதிரே விரிந்திருப்பது பழைய பக்கம். நிமிர்ந்து பார்த்தாரென்றால் தொலைந்தார். எழுந்து இரண்டு தாளையும் சேர்த்துத் திருப்பினேன். தாள் சடசடத்தது. முன்வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அவர் நிற்காமல் வாசித்து முடித்தார், அழகாகவே.

பின்னறைக்கு வந்த அம்மையார், நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார்.

"இவர் இரண்டு தாளை ஒன்றாகத் திருப்பிவிட்டார். நான் சமாளித்துக்கொண்டேன்," என்று ஹங்கேரியர் அவரிடம் சொல்லி என் தோளைத் தட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த நாட்டில் வாய்க்கு அது பழகிவிட்டது. இலையுதிர்காலக் கச்சேரி அவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதக் கச்சேரிக்குத் தாள் திருப்பத் தேவாலயக்காரர்கள் வேறு ஆளை அழைத்தார்கள்.

கொதித்துப்போனேன். தன் பிழையை என் தலையில் கட்டிவிட்டாரே! ஒரு கிழமையாக வீட்டில் சட்டி பானையெல்லாம் சத்தம் போட்டது. விமான நிலைய ஷிப்ட் முடிந்து வந்த கணவர் தாங்கமாட்டாமல், "விடுமப்பா. வயசுபோன மனுசன். உமக்கு என்ன குறைஞ்சுபோகுது?" என்றார்.

"ஏலாது. நேரிலை போய்க் கேக்கப்போறன்."

"போறதெண்டால் வெறுங்கையோட போகாதையும்."

ஆகவே சண்டைக்குப் போனவள் ஒரு பெட்டி மாம்பழத்தோடு போனேன். வட லண்டனில் அவருடைய சின்ன பிளாட். பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் எதற்கு? உங்களை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்."

"நான் சரியாகத்தான் திருப்பினேன். நான்கு பக்கத்தை விட்டது நீங்கள்," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. விளையாட்டாக எடுத்துக்கொண்டு, எனக்குக் காட்டுவதற்காகப் பியானோவில் உட்கார்ந்தார். புத்தகம் இல்லாமல் தொடக்கத்திலிருந்து வாசித்தார். அந்த இடம் வந்தது. மறுபடியும் வலப்பக்கமே திரும்பினார். கடைசிவரை போய் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பார்த்தீர்களா? எதுவும் விடுபடவில்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் பொய் சொல்லவே இல்லை. பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் என் கை அதற்குள் அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்து அவர்முன் விரித்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக அவரே திருப்பிப் பார்த்தார். பின் அந்த நான்கு பக்கங்களையும் புதிதாகப் படிக்கிறவர்போல மெதுவாக வாசித்தார்.

"நான்தான் குழம்பிவிட்டேன் போல," என்று பூசி மெழுகப் பார்த்தேன்.

"இல்லை," என்றார். மரியாதையோடு என்னைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தேவாலயத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர் எல்லோரையும் அழைத்துப் பிழை தன்னுடையது என்று சொன்னாராம். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்; அடுத்த கச்சேரிக்கு வர முடியுமா என்றார்கள். இலையுதிர்காலக் கச்சேரியை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும், இனி மேடை ஏறப்போவதில்லை என்பதையும் கடைசியில் சொன்னார்கள்.

கையில் தொலைபேசியோடு நின்ற என்னிடம் கணவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"என்னிலை பிழை இல்லையாம்," என்றேன்.